மனையும் மக்களும் சொன்ன பிறகே கோடு!

ஐதராபாத்தில் கட்டிடக் கலை மாணவர்கள் கற்கும் பாடம்

கட்டிடக் கலை என்றால் அழகாகப் படம் போடுகிற படிப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். "பையனுக்கு டிராயிங் நன்றாக வருகிறது, ஆர்க்கிடெக்ட் ஆகட்டும்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. ஆனால் கல்லூரியில் சேர்ந்த மாணவருக்குச் சொல்லப்படுவது வேறு. மனையைப் போய்ப் பார். அங்கே வாழ்கிற மனிதர்களிடம் பேசு. பிறகு வந்து கோடு போடு. இதுதான் அந்தப் படிப்பின் அடிப்படை விதி.

இந்த விதியின் அருமையை விளக்க ஐதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் வேறு தேட வேண்டியதில்லை. மனையின் குணத்தை மறந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நகரம் உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றிருக்கிறது.

ஐந்து ஆண்டுப் படிப்பு

ஐதராபாத்தில் இந்தப் படிப்புக்கு வயது அதிகம். 1940-ல் தொடங்கிய அரசு நுண்கலை - கட்டிடக் கலைக் கல்லூரி, பின்னர் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் கீழ் வந்தது. 2008-ல் அதுவே ஜவஹர்லால் நேரு கட்டிடக் கலை - நுண்கலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. மாசாப் டாங்க் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

படிப்பு ஐந்து ஆண்டு, பத்து பருவங்கள். இடையில் ஒரு பருவம் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி. தேர்வு எழுதும் பாடங்கள் பல இருந்தாலும், படிப்பின் உயிர்நாடி 'டிசைன்' வகுப்புதான். ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மார்க்கெட், ஒரு குடியிருப்பு என்று பருவத்துக்குப் பருவம் வேலை பெரிதாகிக்கொண்டே போகும். கடைசி ஆண்டில் மாணவர் தாமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முழுத் திட்டம் ஒன்றை உருவாக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்டுகள் 'ஜூரி' என்ற பெயரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், "இந்த ஜன்னல் ஏன் இங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மதிப்பெண் குறைந்துவிடும்.

பட்டம் பெற்ற பிறகு கட்டிடக் கலைக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டால்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். 1972-ம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

மனை சொல்வது

மனைக்குப் போகிற மாணவர் முதலில் வடக்குத் திசையைக் குறித்துக்கொள்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மாலை வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது, எந்த மரம் எங்கே நிற்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்றெல்லாம் அளந்து எழுதுகிறார்.

ஐதராபாத் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. மண்ணுக்கு அடியில் கருங்கல் பாறை. சில இடங்களில் பாறை வெளியே தலைகாட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்கிறார்கள் நிலவியலார். பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சமதரையாக்கிக் கட்டுவது சுலபம். பாறையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நிழலையும் சரிவையும் பயன்படுத்திக் கட்டுவதற்குத்தான் மூளை வேண்டும். மாணவருக்குக் கொடுக்கப்படும் சோதனை இந்த இரண்டாவது வகை.

இதைவிட முக்கியம் தண்ணீர். 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி நதி பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. 15,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. இன்றைய உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கும் புளிய மரத்தில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். அதன் பிறகே விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையைக் கேட்டு உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. 1912-ல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது.

அந்தப் பாடம் பிறகு மறந்துபோயிற்று. ஏரிக்குள்ளும் குண்டைக்குள்ளும் மனை பிரித்து விற்றார்கள். 2020 அக்டோபரில் கொட்டிய மழையில் ஏரிக் கரைகள் உடைந்தன, பழைய நகரத்தின் பல காலனிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, உயிர்களும் போயின. தண்ணீர் புதிதாக எங்கும் போகவில்லை. தன் பழைய இடத்துக்கே வந்தது. 2024-ல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 'ஹைட்ரா' என்ற தனி அமைப்பையே அரசு ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கடன் வாங்கி வீடு கட்டியவர்களும் அதில் கண்ணீர் வடித்தார்கள்.

மனைப் படத்தில் மாணவர் போடுகிற சரிவுக் கோடுகளுக்கும் இந்தக் கண்ணீருக்கும் நேரான சம்பந்தம் உண்டு. மழைத் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று அந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

மக்கள் சொல்வது

மனை பாதிதான். மீதிப் பாதி மனிதர்கள். அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாக மாணவர்கள் பஸ்திகளுக்குள் வருவது இதற்காகத்தான்.

ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு வாசல்தான் இரண்டாவது அறை. அங்கேதான் பாத்திரம் துலக்குவார்கள்; பிள்ளைகள் பாடம் படிப்பார்கள்; இட்லிக் கடை போடுகிறவர் அடுப்பு மூட்டுவார். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் பகலில் தூங்க வேண்டும். பெண்கள் துணி உலர்த்த வேண்டும். குழாயடிக்குப் பயமில்லாமல் போய்வர வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதெல்லாம் முழுதாக எழுதியிருக்காது. குடியிருப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

இப்படிக் கேட்டுக் கட்டினால் என்ன பலன் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் ஏழைகளுக்காக 1980-களில் 'ஆரண்யா' என்ற குடியிருப்பு திட்டமிடப்பட்டது. வடிவமைத்தவர் ஆமதாபாத்தின் பாலகிருஷ்ண தோஷி. வேலைக்கு முன்னோடியாக, அவருடைய ஆய்வு நிறுவனமும் கனடாவின் மக்கில் பல்கலைக் கழகக் குழுவும் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்து படம் போட்டன. குடிசைக்கு வெளியே இருக்கும் திண்ணை, மர நிழல், சின்னக் கடை, முட்டுச் சந்து ஆகியவற்றில்தான் பாதி வாழ்க்கை நடக்கிறது என்பது அதில் தெளிவாயிற்று.

ஆகவே ஆரண்யாவில் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கட்டிக் கொடுக்கவில்லை. மனை, அஸ்திவாரம், தண்ணீர், கழிப்பிடம் என்று அடிப்படையைச் செய்து கொடுத்தார்கள். மாதிரிக்காக 80 வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். பணம் சேரச் சேரக் குடும்பத்தார் தாங்களே மீதியைக் கட்டிக்கொண்டார்கள். 1995-ல் ஆகா கான் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. தோஷிக்கு 2018-ல் கட்டிடக் கலையின் உச்சப் பரிசான பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது. அந்தப் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவரே.

மூலக் கருத்து என்பது என்ன?

மனையும் மக்களும் சொன்னதை வைத்து மாணவர் ஒரு மூலக் கருத்தைப் பிடிக்க வேண்டும். இதைத்தான் 'கான்செப்ட்' என்கிறார்கள். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். நடுவே முற்றம் என்ற ஒரே எண்ணத்திலிருந்து வெளிச்சம், காற்று, மழைத் தண்ணீர், கல்யாணக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே வழி கிடைத்துவிடுகிறது.

ஐதராபாத்தில் இதற்கு உதாரணமாக இ.சி.ஐ.எல். தலைமை அலுவலகத்தைச் சொல்லலாம். அங்கே வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். 1960-களின் பிற்பகுதியில் சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டிடம் அது. வெயிலை எப்படித் தடுப்பது, நிழலையும் காற்றையும் எப்படி உள்ளே அழைப்பது என்ற கேள்வியிலிருந்தே அதன் உருவம் பிறந்தது.

வேறு வகையும் உண்டு. அத்தாபூர் பக்கம் மேம்பாலத்தில் போகிறவர்கள் தேசிய மீன்வள வாரியத்தின் கட்டிடத்தைப் பார்த்து வியக்கிறார்கள். கட்டிடமே ஒரு மீன்! குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் ஒரு மாணவர் இப்படி ஒரு படத்தை ஜூரியின் முன் வைத்தால், வால் பக்கம் உட்காருகிற குமாஸ்தாவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் விடமாட்டார்கள். கருத்து வெளியே தெரிவதைவிட உள்ளே உட்காருகிறவருக்கு உதவ வேண்டும்.

காகிதத்தோடு நின்றுவிடுமா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாணவர் போடும் திட்டங்களில் பெரும்பாலானவை கட்டப்படுவதில்லை. ஜூரி முடிந்ததும் அவை சுருட்டி வைக்கப்படுகின்றன. "வந்து கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள், அப்புறம் ஒன்றும் நடக்கவில்லையே" என்று பஸ்திக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டால் அது நியாயமே. வீடு வரும், பட்டா வரும் என்று மாணவர்களும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1993-ல் சாமுவேல் மாக்பீ, டி.கே. ரூத் என்ற இரு ஆசிரியர்கள் இந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி கண்டார்கள். ஆபர்ன் பல்கலைக் கழக மாணவர்கள் ஏழை கிராமத்தில் தங்கி, அங்குள்ளவர்களுக்குத் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கிப் பூசிக்கூடக் கட்டினார்கள். தாம் போட்ட கோடு எங்கே தவறுகிறது என்று கரண்டி பிடிக்கும்போது தெரிந்துவிடும். கொத்தனார் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் பாலமூர் தொழிலாளிகளுக்கும் இது புதிய செய்தி அல்ல.

காகிதத்தில் அளந்து வைப்பதும் வீண் வேலையல்ல. தெலங்கானாவில் மறந்துபோன படிக்கிணறுகளைத் தேடி அளந்து பதிவு செய்யும் பணியில் கட்டிடக் கலைஞர்களோடு மாணவர்களும் இறங்கினார்கள். செகந்திராபாத்தில், ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கும் பத்மாராவ் நகருக்கு அருகே பன்சிலால்பேட்டையில் அப்படி ஒரு பழைய கிணறு உண்டு. ஆழம் 53 அடி. பல ஆண்டுகள் குப்பை கொட்டிக் கொட்டிக் கிணறு இருப்பதே தெரியாமல் மூடிப் போயிருந்தது. கட்டிடக் கலைஞர் கல்பனா ரமேஷின் முயற்சியும் மாநகராட்சியின் உதவியும் சேர்ந்து 2021-ல் வேலை தொடங்கிற்று. 2022 டிசம்பரில் கிணறு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குப்பைமேடாக இருந்த இடத்தில் இன்று படியும் தண்ணீரும் தெரிகின்றன.

வாசகர்கள் செய்யக் கூடியது இரண்டு. மனை வாங்குகிறவர்கள் விலையை விசாரிப்பதோடு நிற்காமல், மாணவர்களைப்போல் தண்ணீரின் வழியையும் விசாரிக்க வேண்டும். மழைக் காலத்தில் ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பக்கத்தில் ஏரி இருந்தால், முழுக் கொள்ளளவின் எல்லையான எஃப்.டி.எல். கோடு எங்கே ஓடுகிறது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாணவர்கள் பஸ்திக்கு வந்து கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எது வசதி, எது தொல்லை, மழையில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது, இரவில் எந்தச் சந்தில் போகப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் கட்டப்படாமல் போகலாம். ஆனால் பத்து ஆண்டு கழித்து வேறு ஏதோ ஒரு குடியிருப்புக்குப் படம் போடும்போது, சமையலறைப் புகை போக ஒரு ஜன்னலும் வாசலில் உட்கார ஒரு திண்ணையும் அந்தப் படத்தில் இடம் பெற்றால், இன்று சொன்ன பதில் வீணாகவில்லை என்று பொருள்.