பிரிட்டனில் பலித்த காசநோய்த் தடுப்பூசி செங்கல்பட்டில் பலிக்காதது ஏன்?

இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தாலும், சென்னை மாநகரில் பிறந்தாலும், இந்தியக் குழந்தையின் இடது மேற்கையில் போடப்படும் முதல் தடுப்பூசிகளுள் ஒன்று பிசிஜி. காசநோய்க்கு எதிரான இத்தடுப்பூசி 1921-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளது. ஓர் ஆய்வின் முடிவு வேறோர் இடத்திலும் பொருந்துமா என்ற கேள்விக்கு இதன் வரலாறே சிறந்த விளக்கம்.

முரண்பட்ட முடிவுகள்

பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய ஆய்வில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த சிறார்களுக்கு இத்தடுப்பூசி 20 ஆண்டுகளில் சுமார் 77 சதவீதப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் தொடங்கிய ஆய்விலோ கிடைத்தது 14 சதவீதம் மட்டுமே.

செங்கல்பட்டு ஆய்வு

இம்முரண்பாட்டுக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார அமைப்பு, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பெரும் ஆய்வைத் தொடங்கின. 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது போடப்பட்டது என்பது அவர்களுக்கும் தெரியாது, பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1979-இல் வெளியான முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு ஏதும் தென்படவில்லை எனத் தெரிவித்தது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 1999-இல் வெளியாயின. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதம். அந்த 27 சதவீதமும் தற்செயலானதன்று என உறுதியாகக் கூற இயலாத அளவே.

பிழை எங்கே?

கோபன்ஹேகன், பாரிஸ் ஆகிய இரு நகரங்களின் தடுப்பூசி வகைகளும், இரு வேறு அளவுகளும் சோதிக்கப்பட்டன. எனவே ஒரு வகையையோ அளவையோ மட்டும் குறைகூற வழியில்லை. வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பிற நுண்ணுயிரிகள் மக்களின் உடலில் முன்னரே ஓரளவு எதிர்ப்பாற்றலை உண்டாக்கியிருக்கலாம் என்பது முக்கிய விளக்கங்களுள் ஒன்று. பிரிட்டன் ஆய்வும் பிழையன்று. செங்கல்பட்டு ஆய்வும் பிழையன்று. ஆய்வு நடந்த சூழலே வேறு.

தடுப்பூசி தொடர்வது ஏன்?

சிறு குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் காசநோய் மூளைச்சவ்வு அழற்சி, உடல் முழுவதும் பரவும் காசநோய் ஆகியவற்றை பிசிஜி பெருமளவு தடுக்கிறது. ஆகவே குழந்தைகளுக்கு இதைப் போடுவதைப் பெற்றோர் தவிர்க்கக் கூடாது. அதே வேளையில், பெரியவர்களின் காசநோயைக் கட்டுப்படுத்த, விரைவில் கண்டறிதலும் முழுமையான மருந்துச் சிகிச்சையும் இன்றியமையாதவை என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டதாலேயே இத்தெளிவு கிடைத்தது. "ஆய்வில் நிரூபணம்" என்ற செய்தியைக் காணும்போது, அது எங்கே, யாரிடம், எத்தனை பேரிடம் நடந்தது, பிற இடங்களிலும் அதே முடிவு கிடைத்ததா எனக் கேட்பதே செங்கல்பட்டு தரும் பாடம்.