பூநாரையின் முழங்கால் எங்கே இருக்கு? அனிமேஷன் கத்துக்கிறவங்க முன்னேற்றத்தை எப்படி அளக்கிறது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போற வழியில் திருப்பாலைவனம்னு ஒரு ஊர் இருக்கு. அங்கிருந்து ஒரு தங்கச்சி பேசியிருந்தாங்க. பிளஸ் டூ முடிச்சிருக்காங்க, அப்பா ஏரியில மீன்பிடிக்கிறவர். எட்டு மாசமா போன்லயும் ஒரு பழைய லேப்டாப்லயும் அனிமேஷன் கத்துக்கிட்டு இருக்காங்க.

அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, முதல் மாசம் போட்ட பூநாரை அழகா இருந்துச்சு. இப்போ போடுறது அசிங்கமா இருக்கு. நான் முன்னுக்குப் போறேனா, பின்னுக்குப் போறேனா? அப்பா கடன் வாங்கி ஒரு தனியார் கோர்ஸ்ல சேர்த்துவிடறேன்னு சொல்றார். சேரலாமா?"

கடன்னு ஒரு வார்த்தை வந்துட்டதால பொத்தாம்பொதுவா பதில் சொல்ல முடியாது. அவங்க அனுப்பின மூணு வீடியோவையும் வச்சே பேசுவோம்.

முதல் பூநாரை: அழகு இருந்தது, எடை இல்லை

முதல் வீடியோவில் இருக்கிற பறவை, இணையத்தில் கிடைத்த ஒரு படத்தின் மேல் கோடு இழுத்து எடுத்தது. கோடு சுத்தமா இருக்கு, நிறமும் நல்லா இருக்கு. ஆனா நடக்கும்போது கால் தண்ணிக்குள்ள போகவே இல்லை, வழுக்கிக்கிட்டே போகுது. காத்தாடியை இழுத்துட்டுப் போற மாதிரி.

இதுக்குத்தான் எல்லா இடத்திலும் முதல் பாடமா ஒரு பந்தைக் குதிக்க விடச் சொல்றாங்க. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை ரெண்டு பிரேமுக்கு வச்சா, நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். பந்து மேலே போகப் போக வேகம் குறையும், அதனால் அங்கே படங்கள் நெருக்கமா வரும். கீழே விழ விழ வேகம் கூடும், படங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகும். அந்த இடைவெளியை மட்டும் மாத்தி, அதே வட்டத்தை ரப்பர் பந்தாகவும் காட்டலாம், இரும்புக் குண்டாகவும் காட்டலாம். எடை கோட்டில் இல்லை, இடைவெளியில் இருக்கு.

பந்துக்கு அடுத்தது பாதி நிரம்பின மாவு மூட்டை. அதுக்குக் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது. ஆனாலும் அது சோகமா நிக்குதா, துள்ளுதான்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். அதுக்குப் பிறகுதான் மனுஷ நடை.

இரண்டாவது வீடியோ: வீச்சு வலை

மூணாவது மாசம் அனுப்பினது, ஒருத்தர் வீச்சு வலை வீசுற காட்சி. வரைதல் கரடுமுரடுதான். ஆனா இதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டிஸ்னியில் வேலை பார்த்த பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதின புத்தகத்தில் அனிமேஷனுக்குப் பன்னிரண்டு விதிகளைத் தொகுத்தாங்க. உலகம் முழுக்க மாணவர்கள் அதை மனப்பாடம் பண்றாங்க. அந்த விதிகள்ல பலதும் ஒரு வலை வீச்சில் இருக்கு. வீசறதுக்கு முன்னாடி உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புது பாருங்க, அது முன்னாயத்தம். கை நேர்க்கோட்டில் போகாமல் வளைவில் போகும். வலை கையை விட்டதும் ஓரத்தில் கட்டின ஈயக் குண்டுகள் முந்திக்கிட்டு விரியும், நடுவலை பிந்தி வரும். ஓரம் முந்தும், நடு பிந்தும். ஒரு பொருளின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் நகராது, ஒரே நேரத்தில் நிற்காதுங்கிற விதி அதுதான்.

தங்கச்சி போன்ல வீடியோ எடுத்து, ஒவ்வொரு பிரேமா நிறுத்திப் பார்த்து வரைஞ்சிருக்காங்க. இது புதுப் பழக்கம் இல்லை. 'பாம்பி' படத்துக்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கே மான்குட்டிகளைக் கொண்டுவந்து, பார்த்துப் பார்த்து வரைஞ்சாங்க. அந்தப் படத்தில் வேலை செஞ்ச கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் நம்ம ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து 1957-இல் வந்த படம் 'தி பனியன் டீர்', புத்த ஜாதகக் கதை. அதிலும் மான்தான். அந்தப் பயிற்சியில் வளர்ந்த ராம் மோகனைத்தான் பின்னால் இந்திய அனிமேஷனின் தந்தைன்னு சொன்னாங்க. இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கினதே, உயிருள்ளதை உற்றுப் பார்க்கிறதிலிருந்துதான்.

மூன்றாவது வீடியோ: "அசிங்கமான" பூநாரை

இப்போ அவங்களுக்குப் பிடிக்காத வீடியோவுக்கு வருவோம். பூநாரை கால் பின்பக்கமா மடங்குதே, அதை எல்லாரும் முழங்கால்னு நினைக்கிறோம். அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, உடம்பை ஒட்டி இறகுக்குள்ள இருக்கு. இது தெரியாமல் வரைஞ்சா, எவ்வளவு அழகா வரைஞ்சாலும் நடை பொய்யாத்தான் இருக்கும். மூணாவது வீடியோவில் இந்த மூட்டு சரியான இடத்தில் இருக்கு! பறக்கிறதுக்கு முன்னாடி பறவை தண்ணியில் சில எட்டு ஓடுது, அதுவும் இருக்கு. பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கும், பூநாரை நீட்டிக்கும். அதையும் கவனிச்சிருக்காங்க. கோடு நடுங்குது, நிஜம்தான். ஆனா பறவைக்கு உடல் வந்திருக்கு.

அப்புறம் ஏன் அசிங்கமா தெரியுது? கண் வளர்ந்துடுச்சு, கை இன்னும் வரலை. வலை மாதிரியேதான். எட்டு மாசம் முன்னாடி தப்பு தெரியலை, அதனால் அழகா தெரிஞ்சது. தன் படத்தில் என்ன தப்புன்னு சுட்டிக்காட்ட முடியுதா? அப்போ முன்னேற்றம் இருக்கு. "ஏதோ சரியில்லை"ன்னு மட்டும் சொல்ல முடியுதுன்னா, இன்னும் பார்க்கணும். அளவுகோல் இதுதான்.

பாத்திரமும் கதையும்

பாத்திர வடிவமைப்புக்கு ஒரு எளிய சோதனை: உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கினாலும் யாருன்னு தெரியணும். பெரிய கண், விதவிதமான முடின்னு தேடிப் போக வேண்டியதில்லை. எண்ணூர் பக்கம் கழிமுகத்தில் இருளர் பெண்கள் தண்ணிக்குள்ள கையால துழாவி இறால் பிடிக்கிறாங்க. பிடிச்சதைப் போட, ஓலைப் பறியைப் பல்லால் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள, வாயில் பறி. அந்த நிழலுருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. செய்யற வேலையே உடம்புக்கு ஒரு வடிவம் கொடுத்துடுது.

கதையும் அப்படித்தான். பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவதுன்னு மீனவர்கள் தங்களுக்குள்ள முறை வச்சுப் பிரிச்சுக்கிறாங்க. தன் முறை வராத நாளில் ஒருத்தர் கரையில் உட்கார்ந்திருக்கார்னு வைங்க. வசனமே இல்லாமல் ஆறு கட்டத்தில் சொல்லிப் பாருங்க. தூரத்தில் படகுகள். கட்டிக் கிடக்கிற ஒரு படகு. காய்ஞ்ச வலை மேல ஒரு கை. எதைத் தூரத்தில் காட்டுறது, எதைக் கிட்டத்தில் காட்டுறது, எதைக் காட்டாமல் விடுறது என்கிற முடிவுகள்தான் காட்சிவழிக் கதை.

கடன் வாங்கலாமா?

லாட்வியாவின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கின 'ஃப்ளோ' படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிச்சு. வெள்ளம், ஒரு படகு, ஒரு பூனை, சில விலங்குகள். ஒரு வரி வசனம் கிடையாது. அதைச் செய்தது பிளெண்டர்னு ஒரு இலவச மென்பொருளில். அவரோட முந்தைய படமான 'அவே'யைத் தனி ஆளாவே செஞ்சார். அதனால் மென்பொருளுக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இந்தத் தொழிலில் வேலை நிரந்தரம்னு நினைக்க முடியாது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிஞ்சப்போ பெங்களூருவில் இருந்த கலைஞர்களும் வேலை இழந்தாங்க. "சேர்ந்தால் வேலை உறுதி"ன்னு யார் சொன்னாலும், அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க.

தங்கச்சிக்கு என் பதில்: இப்போ கடன் வேண்டாம். சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கு. அங்கே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பே உண்டு, பிளஸ் டூ முடிச்சவங்க விண்ணப்பிக்கலாம். முதலில் அதை முயற்சி பண்ணுங்க. அதுக்குள்ள முப்பது வினாடியில் ஒரே ஒரு படம் முடிங்க, அந்தப் பாடு கதையையே எடுத்துக்கலாம். பத்துத் துண்டு வீடியோவை விட முடிச்ச ஒரு சின்னப் படம் உங்களைப் பத்தி அதிகம் சொல்லும்.

முடிச்சதும் முதலில் அப்பாகிட்ட காட்டுங்க. "வலையை இப்படியா வீசுவாங்க?"ன்னு அவர் திருத்தினா, அதை எழுதி வச்சுக்கங்க. அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கிடையாது.

அடுத்த எபிசோடில் ஸ்டோரிபோர்டு பத்தி விரிவாப் பேசுவோம். உங்க "அசிங்கமான" வீடியோக்களையும் அனுப்புங்க.