கார் வானொலி திடீரென ஊமையானால்...

தீபாவளி ஒளியூட்டைப் பார்க்க அப்பாவைச் சிராங்கூன் சாலைக்குக் காரில் அழைத்துச் சென்றேன். ஒலி 96.8இல் அவருக்குப் பிடித்த பழைய பாடல். வண்டி ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கியதும் பாட்டு நின்றது. “ஏம்ப்பா, நிறுத்திட்டியா?” என்றார். நான் எதையும் தொடவில்லை.

மறுநாள் ஒரு பட்டறையில், “செட் போய்விட்டது. புதிதாக மாற்ற 300 வெள்ளி ஆகும்” என்றார்கள். இன்னொரு பட்டறையில் இருந்த அண்ணன் முதலில் மீட்டரைக் கையில் எடுத்தார். செட் நன்றாகவே இருந்தது. அதற்குப் போகும் மின்சாரத்தில்தான் கோளாறு.

பெரும்பாலான செட்டுகளுக்கு மூன்று வயர்கள் முக்கியம். மஞ்சள் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். நிலையங்களையும் நேரத்தையும் செட் நினைவில் வைத்திருப்பது அதனால்தான். சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். கறுப்பு வயர் காரின் உலோக உடலோடு இணையும் ‘எர்த்’.

காரை அணைக்கும்போதெல்லாம் நேரமும் நிலையங்களும் அழிகின்றனவா? மஞ்சள் வயரையும் அதன் ஃபியூசையும் பாருங்கள். நினைவு இருக்கிறது, ஆனால் செட் உயிர்பெறவில்லையா? சிவப்பைப் பாருங்கள். மேடுபள்ளத்தில் விட்டு விட்டுப் பாடுகிறதா? கறுப்பைச் சந்தேகியுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க விலை குறைந்த மல்டிமீட்டர் போதும். ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது, பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். அதற்கும் குறைந்தால் பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ பார்க்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். செட்டைச் சத்தமாகப் பாடவிட்டு அளக்கவேண்டும். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடைதான் என்று வையுங்கள். 10 ஆம்பியர் பாய்ந்தால் அங்கேயே 1 வோல்ட் போய்விடும். செட் அணைந்திருக்கும்போது அளந்தால் இது தெரியவே தெரியாது. பாடும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் செட்டின் கறுப்பு வயருக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எங்கள் காரில் எர்த் திருகாணியைச் சாயத்தின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். சாயத்தைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுக்கியதும் பாட்டு வந்தது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்தால் 30 ஆம்பியர் போடுபவர்கள் உண்டு. அலுமினியத் தாளைச் சுற்றுபவர்களும் உண்டு. ஃபியூஸ் எரிவது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்து எரிவது வயர், பிறகு கார். தனி ஆம்ப்ளிஃபயர் பொருத்தினால் அதன் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அப்போதுதான் ஃபியூஸுக்கு அப்பால் வயர் எங்கே உரசிக் காரின் உடலைத் தொட்டாலும் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும்.

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களே, அவற்றிலும் வானொலிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆனால் ஆரஞ்சு நிற வயர்களில் பாய்வது உயர் மின்னழுத்தம். அவற்றை நீங்கள் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை “செட் போய்விட்டது” என்று யாராவது சொன்னால், “செட் பாடும்போது அளந்து காட்டுங்கள், அண்ணே” என்று கேளுங்கள். அப்பாவின் காரில் இன்றும் அதே பழைய செட்தான் பாடுகிறது.