எங்களுக்குப் பிறகு யார்?

2013 டிசம்பர் 10 அன்று மைசூர் அரச குடும்பத்தின் தலைவர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பெங்களூரில் காலமானபோது அவருக்குப் பிள்ளைகள் இல்லை. யாரையும் தத்து எடுத்திருக்கவும் இல்லை. கொள்ளி வைப்பது யார், தசராவில் சிம்மாசனத்தில் அமர்வது யார் என்று மைசூரே கேட்டது. 2015 பிப்ரவரியில் ராணி பிரமோதா தேவி, கணவரின் அக்காள் காயத்ரி தேவியின் பேரன் யதுவீரைத் தத்தெடுத்தார். மே 28இல் பட்டமும் கட்டியாயிற்று.

பட்டம் ஒரு முகூர்த்தத்தில் கைமாறிவிடும். சொத்து அப்படி மாறாது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: தத்துக்கு முன்பே ஒருவர் கைக்குப் போய்விட்ட சொத்தைத் தத்துப்பிள்ளை பறிக்க முடியாது. பட்டத்துக்கு வாரிசு, சொத்துக்கு வாரிசு என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

அதே ஊரில் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்ரீகண்டதத்தரின் தந்தை ஜெயசாமராஜ உடையார் அதை ஒரு டிரஸ்டின் பொறுப்பில் விட்டார். அவர் 1974இல் மறைந்துவிட்டார். இன்றும் ரவி வர்மாவின் ஓவியங்களைப் பார்க்க மக்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போகிறார்கள். டிரஸ்ட் என்பதன் சாரம் இதுதான். கொடுத்தவர் போன பிறகும் அவர் சொன்ன காரியத்துக்காகவே சொத்து நிற்கும்.

அப்படியானால் ஆளுக்கொரு டிரஸ்ட் எழுதிவிடலாமா? வேண்டாம் என்பேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு வீடு, கொஞ்சம் வைப்புநிதி, சம்பாதிக்கிற இரண்டு பிள்ளைகள் என்றிருக்கும் ஓய்வூதியக்காரருக்கு நல்ல உயில் போதும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. சாட்சிகள் இருவர் முறைப்படி கையெழுத்திட வேண்டும். ‘வாரிசு வரி வரப்போகிறது, இப்போதே டிரஸ்ட் போடுங்கள்’ என்று கிளப்புகிறவர்களை நம்பி ஓட வேண்டாம். இந்தியாவில் அந்த வரி 1985இலேயே போய்விட்டது. வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று உயில் எழுதாமல் இருப்பவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், உரிமையாளர் அல்ல. ஆயுள் காப்பீட்டு பாலிசி தொடர்பாக உச்ச நீதிமன்றம் இதை 1983இல் சொன்னது. பங்குகளுக்கும் அதுதான் என்று 2023 டிசம்பரில் சொன்னது.

டிரஸ்ட் உண்மையில் தேவைப்படும் வீடு வேறு. மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கு ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். பேச்சுப் பயிற்சி, பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கடந்து வரும் அவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது ஒரே கேள்வி: எங்களுக்குப் பிறகு?

‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்று வீட்டை மூத்தவன் பேருக்கு எழுதிவிடுவது நம் வழக்கம். அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் தொழிலில் நொடித்தால் கடன்காரர்கள் அந்த வீட்டுக்கு வருவார்கள். அவன் தம்பிக்கு முன்பே இறந்துபோனால் வீடு அவன் மனைவி மக்களுக்குப் போகும். சித்தப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டத்தில் அவர்களுக்குக் கட்டளை எதுவும் இல்லை. சொத்தைப் பிள்ளையின் பேருக்கே எழுதினால், அதை விற்கவோ வாடகைக்கு விடவோ கையெழுத்துப் போடும் திறன் அவனுக்கு இருக்காது. டிரஸ்டில் இந்த இரண்டு சங்கடமும் இல்லை. அண்ணன் டிரஸ்டியாக இருக்கலாம், ஆனால் அந்த வீடு அவனுடைய சொத்து ஆகாது. மாதம் எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு, தம்பி காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்கும்.

வீடு போன்ற அசையாச் சொத்தை இப்போதே டிரஸ்டுக்குக் கொடுப்பதானால், 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். உயில் வழியாகவும் கொடுக்கலாம். பல குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி, சிறு தொகையில் இன்றே டிரஸ்டைத் தொடங்கிவிட்டு, வீடு அதில் போய்ச் சேரட்டும் என்று உயிலில் எழுதுவது. ‘டிரஸ்டி விருப்பப்படி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வருமானத்துக்குப் பெரும்பாலும் உச்ச விகித வரி விழும். பயனாளியின் பங்கைத் திட்டமாகக் குறிப்பிடுங்கள், ஆடிட்டரிடமும் காட்டிவிடுங்கள்.

ஆயுள் காப்பீட்டுக்கு இன்னொரு கதவும் உண்டு. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி, கணவன் தன் உயிர்மேல் எடுக்கும் பாலிசியை மனைவி மக்கள் பேரில் எழுதினால் அதுவே டிரஸ்ட் ஆகிவிடும். அவன் கடனுக்காக அதில் பொதுவாகக் கைவைக்க முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் பாலிசி எடுக்கும் அன்றே கேட்டு வாங்க வேண்டிய படிவம் இது. செலவில்லாத வேலை.

டிரஸ்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் தம் வயதுக்காரரையே பிடிப்பார்கள், அவரைத்தான் நம்புகிறார்கள் என்பதால். அவருக்குப் பின் யார், அவருக்கும் பின் யார் என்று பத்திரத்தில் வரிசையாக எழுதுங்கள். பணத்தை ஒருவரும் பிள்ளையை இன்னொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒருவரை மற்றவர் கவனிப்பார். பிள்ளைக்கு 18 முடிந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலான குழு காப்பாளரை நியமிக்கும். அதற்கு மாவட்ட நிர்வாகத் தலைவரே தலைவர். எனவே மைசூரில் விசாரிக்க வேண்டிய இடம் டி.சி. (மாவட்டத் துணை ஆணையர்) ஆபீஸ். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.