வாசலுக்கு வந்த பார்சல்

லிங்கராஜபுரம் பெங்களூரு நகரின் வடகிழக்கில் இருக்கிறது. பக்கத்தில் காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி, பானஸ்வாடி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி இது. தெருவில் நடந்தால் தமிழும் கன்னடமும் மாறி மாறிக் காதில் விழும்.

காலை பத்து மணி ஆனதும் இந்தத் தெருக்களில் இரண்டு சக்கர வண்டிகள் வரத் தொடங்கும். ஓட்டுபவர் முதுகில் பெரிய பை. பை நிறையப் பார்சல்கள். ஒரு வீட்டுக்குச் செருப்பு. அடுத்த வீட்டுக்குக் குக்கர். இன்னொரு வீட்டுக்குக் குழந்தையின் பள்ளிப் பை. கடைக்குப் போகாமலே சாமான் வாசலுக்கு வருகிறது.

சாமான் நன்றாக இருந்தால் மகிழ்ச்சி. கெட்டுப்போன சாமான் வந்தால் என்ன செய்வது? கொடுத்த பணம் திரும்ப வருமா?

இப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொள்வோம்.

தையல் மோட்டார்

லிங்கராஜபுரத்தில் ஒரு தையல்கார அக்கா. மே மாதம் முடியப் போகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பள்ளிச் சீருடை தைக்க நாற்பது பேர் துணி கொடுத்திருக்கிறார்கள். காலால் மிதித்துத் தைத்தால் வேலை முடியாது. அதனால் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்க நினைத்தார். செல்போனில் பார்த்து ஆர்டர் கொடுத்தார். விலை 1,800 ரூபாய். பொருள் வந்ததும் பணம் கொடுத்தால் போதும்.

நான்காம் நாள் பார்சல் வந்தது. அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்தார். வந்த தம்பிக்கு இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டும். பணத்தை வாங்கியதும் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அக்கா பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தது பழைய மோட்டார். வயர் கருகி இருந்தது. திருகாணியில் துரு.

"1,800 ரூபாய் போச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது பத்து நாள் தைத்துச் சேர்த்த பணம்.

பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வந்து பார்த்தாள்.

"அழாதீங்க அக்கா. முதல்ல போட்டோ எடுப்போம். பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க" என்றாள்.

மோட்டாரைப் படம் எடுத்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் படம் எடுத்தார்கள். பிறகு செல்போனில் 'பொருளைத் திருப்பித் தர வேண்டும்' என்ற இடத்தைத் தொட்டார்கள். காரணம் கேட்டது. 'பழுதான பொருள்' என்று குறித்தார்கள். "நாளை ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று பதில் வந்தது.

மறுநாள் அக்கா எங்கும் போகவில்லை. வாசல் பக்கமே உட்கார்ந்து தைத்தார். யாரும் வரவில்லை. மாலையில் ஒரு செய்தி வந்தது. "எங்கள் ஆள் வந்தார். வீட்டில் யாரும் இல்லை."

அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு நோட்டை எடுத்தார். தேதியை எழுதினார். "இன்று முழுவதும் வீட்டில் இருந்தேன். யாரும் வரவில்லை" என்று எழுதினார். அவர் எழுதப் படிக்கக் கற்று இரண்டு ஆண்டுதான் ஆகிறது. அந்த நோட்டு பிறகு கைகொடுத்தது.

இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து மோட்டாரை எடுத்துப் போனார்.

"சீட்டு ஏதாவது தருவீங்களா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"சீட்டு இல்லக்கா. போன்ல மெசேஜ் வரும்" என்றார் அவர்.

"அப்ப மெசேஜ் வந்த பிறகு போங்க" என்றார் அக்கா. செய்தி வந்தது. அதையும் படம் எடுத்து வைத்தார்.

பத்து நாள் ஆயிற்று. பணம் வரவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. "நீங்கள் திருப்பி அனுப்பியது நாங்கள் விற்ற பொருள் அல்ல. பணம் தர முடியாது."

குற்றம் இப்போது அக்காவின் மேலேயே திரும்பிவிட்டது!

பார்சல் போகும் வழி

இப்படி ஏன் நடக்கிறது? பார்சல் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் புரியும்.

நாம் ஆர்டர் கொடுப்பது ஒரு கம்பெனியிடம். பொருளை விற்பவர் பெரும்பாலும் வேறொரு வியாபாரி. அவர் டெல்லியிலோ சூரத்திலோ இருக்கலாம். பொருளைக் கொண்டுவருவது மூன்றாவதாக ஒரு பார்சல் கம்பெனி. அந்தக் கம்பெனி பொருளை முதலில் ஒரு பெரிய கிடங்குக்குக் கொண்டுபோகும். அங்கே ஊர் ஊராகப் பிரிப்பார்கள். பிறகு பெங்களூரு கிடங்கு. அதன் பிறகு நம் பகுதியில் உள்ள சிறிய கிடங்கு. அங்கிருந்துதான் வண்டிக்காரத் தம்பி எடுத்து வருகிறார்.

ஒவ்வொரு இடத்திலும் பெட்டியின் மேல் உள்ள கறுப்புக் கோடுகளை ஒரு கருவியால் படிப்பார்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லும். ஆனால் பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. கெட்ட பொருளை உள்ளே வைத்தது யார் என்றும் சொல்லாது.

திருப்பி அனுப்பும் பொருள் இதே வழியில் பின்னோக்கிப் போகும். விற்றவர் அதைப் பார்த்துச் 'சரி' என்று சொன்ன பிறகுதான் பல நேரங்களில் பணம் வரும். நடுவில் எங்கே பொருள் மாறினாலும் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். அதனால்தான் நம் கையில் படமும் எழுத்தும் இருக்க வேண்டும்.

பெட்டியை வண்டிக்காரத் தம்பியின் முன்னாலேயே பிரிக்க முடிந்தால் மிகவும் நல்லது. சில பொருள்களுக்குக் கம்பெனியே இதற்கு இடம் தருகிறது. இடம் தராவிட்டால், பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். முதலில் மேலே உள்ள சீட்டைக் காட்டுங்கள். பிறகு ஒட்டிய நாடாவைக் காட்டுங்கள். கையை எடுக்காமல் பிரித்து, உள்ளே உள்ளதைக் காட்டுங்கள்.

வண்டிக்காரத் தம்பியும் தொழிலாளிதான்

கெட்ட பொருள் வந்தால் நம் கோபம் யார் மேல் பாயும்? முன்னால் நிற்பவர் மேல்தான். ஆனால் அவர் பெட்டியைப் பிரித்துப் பார்க்க முடியாது. மூடி வந்ததை மூடியபடியே தருகிறார். பல கம்பெனிகளில் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பார்சல் கணக்கில்தான் கூலி. மழையிலும் வெயிலிலும் ஓட வேண்டும். முகவரி கிடைக்காமல் அலைந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

இவர்களைப் போன்றவர்களுக்காகக் கர்நாடக அரசு 2025ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. செல்போன் ஆப் வழியாக வேலை பெறும் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பும் நல நிதியும் தருவதற்கான சட்டம் அது.

ஆகவே நாம் சண்டை போட வேண்டியது அவரோடு அல்ல. கேள்வி கேட்க வேண்டியது கம்பெனியை.

முகவரியைச் சரியாக எழுதுவதும் நம் பொறுப்பு. பெங்களூருவில் 'ஐந்தாவது கிராஸ்' என்றால் போதாது. ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஐந்தாவது கிராஸ் இருக்கும்! வீட்டு எண், கிராஸ், மெயின், பகுதியின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி, கடைசியில் பின்கோடு. இத்தனையும் வேண்டும். பின்கோடு முறை 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி தொடங்கியது. லிங்கராஜபுரத்தின் பின்கோடு 560084. இதில் 560 என்பது பெங்களூருவைக் குறிக்கும். கடைசி மூன்று எண்கள் தபால் நிலையத்தைக் குறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது." இந்தப் பலகையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பழுதான பொருளுக்கு இந்தப் பேச்சு செல்லாது.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டு வந்தது. நுகர்வோர் என்றால் பணம் கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர். 2019ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றினார்கள். அது 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது.

பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வியாபாரம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று பில்லில் போட்டிருந்தால் அந்த நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். போடவில்லை என்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் தவறுதான்.

செல்போன், கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் வியாபாரத்துக்கு 2020ஆம் ஆண்டில் தனி விதிகள் வந்தன. அதன்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைக்க வேண்டும். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'வந்தது' என்று பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் தீரவில்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை.

அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

தையல்கார அக்கா என்ன செய்தார்? குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுதினார். ஆர்டர் எண், பணம் கொடுத்த நாள், மோட்டாரின் படங்கள், ஆள் வராத நாள், பொருளை எடுத்துப் போன நாள், அப்போது வந்த செய்தி. எல்லாம் நோட்டில் இருந்தன. வரிசையாக எழுதினார். 1915க்கும் போன் செய்து புகாரைப் பதிவு செய்தார். புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தில் 1,800 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது.

பள்ளி திறந்து பல நாள் ஆகியிருந்தது. அக்கா இரவு பகலாக மிதித்தே சீருடைகளைத் தைத்து முடித்திருந்தார். கால் வீங்கியிருந்தது. அந்த வலிக்கு யாரும் பணம் தரவில்லை. ஆனாலும் தன் பணத்தைத் தானே எழுதிக் கேட்டு வாங்கினார். அந்த மகிழ்ச்சி பெரிது.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு

பணம் திரும்ப வரும் என்று காத்திருப்பவர்களைத் தேடி ஏமாற்றுக்காரர்கள் வருவார்கள்.

"கம்பெனியிலிருந்து பேசுகிறோம். பணம் அனுப்புகிறோம். உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். செல்போனில் ரகசிய எண்ணைப் போடுவது பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்குவதற்கு அது தேவையே இல்லை.

பார்சலைத் தரும்போது ஓ.டி.பி. எண் கேட்கலாம். பொருள் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். யாரோ போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது. நாங்கள் போலீஸ். போனை வைக்காதீர்கள்" என்று மிரட்டுபவர்களும் இருக்கிறார்கள். படித்தவர்களே இதில் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். போன் வழியாகக் கைது செய்வது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. உடனே போனை வையுங்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கம்பெனியின் போன் எண்ணையும் கண்ட இடத்தில் தேடாதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. நீங்கள் ஆர்டர் கொடுத்த ஆப்பில் உள்ள எண்ணையே பாருங்கள்.

இன்றும் அந்த அக்காவின் தையல் மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. பார்சல் வந்தால் முதலில் தேதி எழுதுகிறார். பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறார். தெருவில் யாருக்காவது கெட்ட பொருள் வந்தால் அவரிடம்தான் வருகிறார்கள்.

"முதல்ல போட்டோ எடுங்க. பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. நோட்டு இருக்கா?" என்று அவர் கேட்கிறார்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா?