அன்னாசியும் ஆறு வேற்றுமைகளும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு வாப்பாவின் பழக்கடையில் நின்றிருந்தேன். எங்கள் வெலிகமக் கடற்கரைக்கு நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை ரஷ்ய நாட்டவர் நிறையப் பேர் வருவார்கள். அன்று வந்த ஒரு ரஷ்யப் பெண் விரலைக் காட்டி "அனனாஸ்" என்றார். நான் அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதற்காக மனதுக்குள் வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, ரஷ்யனும் தெரியாது. அவர் ஒரு நல்ல பழமாகப் பார்த்து எடுத்து நிறுத்துக் கொடுத்தும் விட்டார். "அன்னாசிதானே மகள் கேக்கிறா?" என்றார்.

ரஷ்ய மொழியில் அனனாஸ், அரபியில் அனனாஸ், சிங்களத்தில் அன்னாசி, தமிழில் அன்னாசி. ஆங்கிலம் மட்டும்தான் 'பைனெப்பிள்' என்று தனியே நிற்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'எஸ்' வாங்கிய எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ரஷ்யன் படிக்கப் போகிறேன் என்றபோது மாமி சொன்னதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்: "இங்கிலீசே ஒழுங்கா வராது, இவ ரஷ்யன் படிக்கப் போறாவாம்." மாமி மட்டுமல்ல, பாடசாலையிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆங்கிலம் என்ற வாசலைத் தாண்டினால்தான் மற்ற மொழிகளுக்குப் போகலாம் என்று. என்னைப் போல 'எஸ்' வாங்கிய சகோதரிகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை 'இன்ஜினியர் மாமா' என்போம். சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவில் படித்தவர். அவரிடம் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நானும் என் தங்கையும் போகத் தொடங்கினோம். அவர் தந்த பாடப்புத்தகம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. முதல் மாதம் நான் பட்ட பாட்டில் பாதி ரஷ்யனால் வந்ததல்ல, அந்த ஆங்கில விளக்கத்தால் வந்தது.

எழுத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொத்தம் 33 தான். தமிழின் 247 ஐப் பாலர் வகுப்பிலேயே கடந்து வந்தவர்கள் நாங்கள். தொல்லை தருபவை புதிய வடிவங்கள் அல்ல, ஆங்கில எழுத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறு ஒலி தருகிற எழுத்துகள்தாம். ஆங்கில 'எச்' போன்றது 'ந்' என்று ஒலிக்கும். 'பி' போன்றது 'ர்', 'சி' போன்றது 'ஸ்'. அனனாஸ் என்ற சொல்லை ரஷ்ய எழுத்தில் கண்டு ஆங்கிலக் கண்ணால் வாசித்தால் 'அஹஹாக்' என்றுதான் வரும். தங்கை அப்படியே வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள்.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்து வைப்பது நான் செய்த முதல் பிழை. 'தோம்' என்று எழுதினால் அது வீடா, நூலின் ஒரு தொகுதியா என்று தெரியாது. ஒன்றின் முதலெழுத்து அழுத்தமான த, மற்றதன் முதலெழுத்து மெல்லிய த. ப, க எழுத்துகளிலும் இதே சிக்கல்தான். பிறகு சிங்கள எழுத்தில் குறித்தேன். அதில் இந்த ஒலிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ரஷ்ய எழுத்துகள் கைக்கு வந்ததும் அதையும் விட்டுவிட்டேன். (இந்தக் கட்டுரையில் ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதுவது அச்சுக்காக மட்டுமே. உங்கள் கொப்பியில் இப்படிச் செய்யாதீர்கள்.)

மூன்றாவது வாரம் என்னை அறிமுகப்படுத்தி எழுதச் சொன்னார் மாமா. வயதைச் சொல்லும் ஆங்கில வசனத்தை நினைத்து, 'யா ஸெம்நாத்ஸத்' என்று எழுதினேன். 'யா' என்றால் நான், 'ஸெம்நாத்ஸத்' என்றால் பதினேழு. மாமா சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, "இத தமிழ்ல சொல்லுங்க மகள்" என்றார்.

"எனக்குப் பதினேழு வயது."

"நல்லது. நான் எண்டா சொன்னீங்க? எனக்கு எண்டுதானே சொன்னீங்க? ரஷ்யக்காரனும் அப்படித்தான் சொல்றான். பொறகு ஏன் இங்கிலீசுக்குள்ளால சுத்திப் போறீங்க?"

'ம்னே ஸெம்நாத்ஸத் லெத்.' 'ம்னே' என்பது 'எனக்கு'. எங்களுடைய நான்காம் வேற்றுமையேதான். அன்றிரவு புத்தகத்தை முதலிலிருந்து புரட்டி, ஆங்கில விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் தமிழை எழுதினேன். எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று நாங்கள் சொல்லும் இடங்களில் அங்கேயும் 'ம்னே' வந்தது. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதைப் புத்தகம் அரைப் பக்கம் விளக்கியிருந்தது, ஏனென்றால் ஆங்கிலேயருக்கு அது விசித்திரம். எங்களுக்கு அதில் விளக்க என்ன இருக்கிறது? 'எத்தா க்னீகா' என்றால் 'இது புத்தகம்'. நடுவில் 'ஆகும்' போன்ற எந்தச் சொல்லும் வராது. தமிழிலும் இல்லை, அரபியிலும் இல்லை.

ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. மாணவர்கள் ஓடிப்போவது இந்த இடத்தில்தான் என்பார்கள். எட்டு வேற்றுமையை ஒன்பதாம் தரத்தில் பாடமாக்கிய நாங்கள் ஆறுக்கு ஏன் ஓட வேண்டும்? மூன்றாம் வேற்றுமையை எடுத்துப் பாருங்கள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள்களை நன்னூல் சொல்கிறது. பேனாவால் எழுதினாள், தச்சனால் செய்யப்பட்டது, நானாவோடு போனாள். இந்த மூன்றையும் ரஷ்ய மொழியும் ஒரே வேற்றுமையில்தான் வைக்கிறது. கடைசி ஒன்றுக்கு மட்டும் முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதைக் கண்ட அன்று நான் படித்த தமிழ் இலக்கணத்தின் மீது எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது. அதுவரை அது புள்ளிக்காகப் படித்த பாடம்.

இரண்டாம் வேற்றுமையில் இன்னும் நுட்பமான ஓர் ஒற்றுமை இருக்கிறது. நாங்கள் 'மேசை வாங்கினேன்' என்று ஐ உருபை விட்டும் சொல்கிறோம். ஆனால் 'வாப்பா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'வாப்பாவைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியிலும் மேசை என்ற சொல் செயப்படுபொருளாக வரும்போது மாறாது. சகோதரன் என்ற சொல் மாறும். உயிருள்ளதா இல்லாததா என்பதே அங்கே கணக்கு. மிருகங்களை அவர்கள் மனிதரோடு சேர்த்துவிடுகிறார்கள், அதில் மட்டும் எங்கள் அஃறிணையோடு ஒத்துப்போகாது.

வினைச்சொற்கள் அங்கே சோடி சோடியாக இருக்கும். ஒன்று செயலை மட்டும் சொல்லும், மற்றது அது முடிந்துவிட்டதைச் சொல்லும். வாசித்தேன், வாசித்துவிட்டேன் என்பதை நினைத்துக்கொண்டால் முக்கால்வாசி விளங்கும்.

சிங்களம் வேறு வகையில் கைகொடுக்கிறது. சிங்களமும் ரஷ்யனும் தூரத்து உறவினர். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ரஷ்ய மொழியில் கதவுக்கு 'த்வேர்', சிங்களத்தில் 'தொர'. நெருப்புக்கு 'அகோன்', சிங்களத்தில் 'கினி', வடமொழியில் அக்னி. கணவனை இழந்தவளை 'வ்தவா' என்கிறார்கள். விதவை என்று நாங்கள் வடமொழியிலிருந்து எடுத்த சொல்லின் இரத்த உறவு அது.

அரபியின் உறவு வேறு வழியில் வந்தது. வொல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசர் இஸ்லாத்தை ஏற்று, 922 ஆம் ஆண்டில் பக்தாத் கலீபாவின் தூதுக்குழுவை வரவேற்றார். அந்தப் பயணத்தை இப்னு பழ்லான் எழுதி வைத்திருக்கிறார். அந்த மண்ணின் தாத்தாரிய முஸ்லிம்கள் இன்றும் கஸான் நகரத்தில் வாழ்கிறார்கள். துருக்கிய மொழிகள் வழியாக எத்தனையோ அரபுச் சொற்கள் ரஷ்ய மொழிக்குள் புகுந்தன. வைரம் 'அல்மாஸ்', பெட்டகம் 'சுந்தூக்'. எங்கள் ஊரில் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கும் அதே சொல்தான். இதைச் சொன்னதும் உம்மும்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரஷ்யாவிலயுமா?" என்று கேட்டார்.

ஆனால் பல மொழிகளைச் சேர்த்துப் படிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நான் உயர்தரத்துக்கு அரபு மொழியையும் ஒரு பாடமாக எடுக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாமா ஒரு படத்தைக் காட்டி "அனா டொக்தர்" என்றார். அரபியில் அனா என்றால் நான். மாமா எப்போது டொக்டரானார் என்று நான் விழித்தேன். ரஷ்ய மொழியில் அனா என்றால் அவள்! ரஷ்யச் சொல் ஞாபகம் வராதபோது என் வாயில் தமிழ் வருவதில்லை, அரபியோ சிங்களமோதான் வருகிறது. தாய்மொழி தன் இடத்தில் இருக்கிறது, பிறகு படித்தவைதாம் ஒன்றின் இடத்தை ஒன்று பிடிக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கொப்பி வைத்திருந்தது என் பிழை. இப்போது அரபு சுபஹுக்குப் பின், ரஷ்யன் இஷாவுக்குப் பின். இரண்டு புதிய மொழிகளை ஒரே நேரத்தில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். என் அரபு சில வருடம் முந்தியிருந்ததால் தப்பினேன். கூடவே தொடங்கிய கொரியன் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

எந்த மொழியும் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லை. இறந்தகாலத்தில் 'நான் வாசித்தேன்' என்று சொன்னாலும் சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினையின் முடிவு காட்டும். கைத்தொலைபேசியில் ஓர் ஆண் ஆசிரியரைக் கேட்டுக் கேட்டு இரண்டு மாதம் ஓர் ஆணாகவே பேசியிருக்கிறேன். 'போ' என்ற ஒரு சொல்லுக்கு, நடந்து போவது வேறு, வாகனத்தில் போவது வேறு. கொழும்புக்குப் போகிறேன் என்று சொல்லப்போய் நடந்தே போகிறேன் என்று சொன்னேன். இந்த வினைகளில் நான் இன்னும் தடுமாறுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு விடயம். ரஷ்யாவுக்கு வைத்தியம் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், வைத்தியசாலையில் நோயாளி தன் நோவை ரஷ்ய மொழியில்தான் சொல்வார். கட்டணத்தையும் குளிருடுப்பையும் பற்றி விசாரிக்கிற நாங்கள் மொழியைப் பற்றி விசாரிப்பதில்லை. போவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கினால் எவ்வளவு நல்லது. ரஷ்ய மொழி எங்கள் உயர்தரப் பாடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது, களனிப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். கொழும்பிலுள்ள ரஷ்ய நிலையத்திலும் வகுப்புகள் உண்டு. தெற்கிலிருக்கும் எங்களுக்கு அது தூரம் என்பதும் உண்மைதான்.

இந்த மாதம் மீண்டும் சீசன் தொடங்கிவிட்டது. ஒரு மட்டையில் அனனாஸ் என்று ரஷ்ய எழுத்தில் பெரிதாக எழுதிக் கடைக்கு முன்னால் தொங்கவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு வயதான ரஷ்யப் பெண் அதைப் பார்த்துப் புன்னகைத்து, வாப்பாவின் பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசி எழுத்தைத் திருத்தினார். நான் ஆங்கில 'எஸ்' போட்டிருந்தேன். வேறு மட்டையில் எழுதித் தருகிறேன் என்றேன், வாப்பா வேண்டாம் என்றுவிட்டார். திருத்திய மட்டைதான் இன்னும் தொங்குகிறது.