வழிப்போக்கரும் இளைப்பாறுவோரும்

கணவாயை மட்டக்களப்பு வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கறிக்கு வெட்டும்போது கையைக் கறுப்பாக்கும் அதன் மையை நாம் கழுவிக் கொட்டிவிடுகிறோம். ஐரோப்பிய ஓவியரோ அதிலிருந்து பழுப்பு மை செய்து சித்திரம் தீட்டினர். கணவாயின் கிரேக்கப் பெயரான ‘செப்பியா’ என்பதே அம்மைக்கும் பெயராயிற்று. ஜேர்மனிய ஓவியர் பிரீட்ரிக், 1805ஆம் ஆண்டு வைமார் நகரப் போட்டிக்கு இம்மைச் சித்திரங்களையே அனுப்பினார். கேட்கப்பட்ட பொருள் கிரேக்க வீரன் ஹெர்குலிஸின் கதை. அவர் எழுதியதோ உதயவேளையில் நடந்து செல்லும் ஒரு சமய ஊர்வலம்! ஆயினும் மகாகவி கேத்தே முதலியோர் பரிசிற் பாதியை அவருக்கே அளித்தனர்.

உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதலிடம் தந்த இந்த மனோரதிய ஓவியரின் படங்களில் மனித உருவம் பெரும்பாலும் விரலளவே இருக்கும். வெற்றிடத்தை நிரப்ப வரைந்த பொம்மைகள் என்று மாணவர் பலர் அவற்றைத் தாண்டிவிடுவர். எனக்கு அது உடன்பாடன்று. நடப்பவன் உருவில் இன்னும் எட்டாத ஊர் இருக்கிறது. இளைப்பாறுபவனையோ அந்நிலமே தன்னவனாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆடி விழாவுக்குக் கதிர்காமம் செல்லும் நம் பாதயாத்திரிகர், உகந்தை முருகன் கோயிலடியில் மூட்டையை இறக்கிவைத்து அமர்ந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காட்டுவழி முழுவதும் முன்னே கிடக்கிறது. முகத்திலோ வந்து சேர்ந்துவிட்டாற்போன்ற அமைதி.

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக், இலத்தீன் பயிலும் சிறுவர்க்கெனத் தோர்ன்டன் என்பவர் 1821இல் வெளியிட்ட வேர்ஜில் பாடநூலுக்குப் பதினேழு மரச்செதுக்குப் படங்கள் செய்தார். மையால் வரைந்து பார்த்த பின்பே மரத்திற் செதுக்கினார். ஒரு படத்தில் கொலினெற் என்னும் இடையன் கோலுடன் மைற்கல்லைக் கடக்கிறான்; கல்லில் இலண்டனுக்கு 62 மைல் என்றிருக்கிறது. இன்னொன்றில் இரவு; அவன் இளைப்பாறுகிறான். அங்கே மைற்கல் இல்லை. ஓய்ந்திருப்பவனுக்குத் தூரக்கணக்கு எதற்கு? இவற்றில் கலைத்திறத்தினும் மேதாவிலாசமே மிகுதி என்று ஒரு சமாதானக் குறிப்பை முன்வைத்துத்தான் தோர்ன்டன் படங்களைச் சேர்த்தார்! பாடநூல் பதிப்போரின் அச்சம் அன்றும் இருந்திருக்கிறது.

அப்படங்களில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர் சாமுவேல் பாமர். 1825இல், இருபது வயதில், அவர் பழுப்பு மையிற் பிசின் கலந்து தீட்டிய ஆறு சித்திரங்கள் ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளன. அவற்றுள் ஒன்றில், விளைந்த கதிர்களின் நடுவே ஒருவன் சாய்ந்திருந்து நூல் படிக்கிறான். அறுவடைக் காலத்தில் வயலில் ஒருவன் படித்துக்கொண்டிருந்தால் நம் ஊர்ப் போடியார் என்ன சொல்வாரோ! பாமரின் வயல் அவனை ஏசவில்லை. நாற்புறமும் கதிர்களாற் காத்து நிற்கிறது. பாமர் மறைந்தபின், 1909இல், அவருடைய மகனே தந்தையின் குறிப்பேடுகளையும் சித்திரங்களையும் பெருமளவில் எரித்துவிட்டார். இந்த ஆறு படங்கள் எஞ்சியது நம் நற்பேறே.